உப்பிய பேரல் மேல் நவாஸ் பாய்

பேரல் உப்ப ஆரம்பித்தபோது நவாஸ் பாய் அதன் மேல் உட்கார்ந்து சம்பந்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளில் நாற்காலி வாங்கும் வழக்கம் கிடையாது. டீ குடிக்க, சாப்பிட, சண்டை போட எல்லாவற்றுக்கும் பேரல்தான். பாய், தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிப் பகுதிக்கு மேஸ்திரி. நான் கம்ப்ரஸர் காற்றுக்குக் குழாய் போடுகிற ஏர் லைன் ஃபிட்டர். அந்தப் பேரலில் பம்ப் மாட்டியவன் நானே.

பம்ப் என்றதும் மோட்டாரைத் தேடாதீர்கள். இதில் கரண்டே கிடையாது. கம்ப்ரஸர் காற்றை ஒரு குறுகலான ஓட்டை வழியாக விட்டால், அது பேரலுக்குள் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். உள்ளே வேக்குவம் ஆகி, குழியில் தேங்கிய சேறு ஹோஸ் வழியாகப் பேரலுக்குள் ஏறும். பம்பில் இருக்கிற குமிழைத் திருப்பினால் காற்று பேரலுக்குள்ளேயே போய் அழுத்தும். ஏறியதெல்லாம் அதே ஹோஸில் வெளியே வரும்.

மாட்டும்போது சில விஷயங்களில் நான் யார் பேச்சையும் கேட்க மாட்டேன். நசுங்காத, துருப்பிடிக்காத இரும்புப் பேரல் வேண்டும். பிளாஸ்டிக் வேக்குவத்திலேயே சப்பிப்போகும். தின்னர் மாதிரி தீப்பிடிக்கிற சரக்குக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. காற்றின் அழுத்தத்தை மட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் வேண்டும். அழுத்தம் மீறினால் தானே திறக்கிற ரிலீஃப் வால்வு வேண்டும். காற்றை மூடுகிற வால்வு பேரலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அதை வாசல் தூணில் வைத்தேன். முதலாளிக்குக் கடுப்பு.

"இன்னாப்பா, பம்ப் இங்க, வால்வு அங்க? ஆளுங்க வாக்கிங் போவணுமா?"

"போகட்டும் சார், சுகர் கம்மியாவும்" என்றேன்.

அன்று பேரலைக் காலி செய்துகொண்டிருந்தபோது சம்பந்தி கூப்பிட்டார். பாய் ஹோஸ் முனையை மூடிவிட்டுப் பேரல் மேல் ஏறி உட்கார்ந்தார், காற்றை மூடவில்லை. அழுத்தம் ஏறினால் ரிலீஃப் வால்வு சீறும், அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் போன் பேச்சுக்குப் பேஜாராக இருக்கிறதென்று, பாய் காலையிலேயே ஒரு தோல் வாரைச் சுற்றி அதை இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். தோல் வாரால் கட்ட முடியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

டொம்மென்று ஒரு சத்தம். மூடி மேலே வளைந்தது. மூடியோடு பாயும் கொஞ்சம் உயர்ந்தார்.

"பாய், எறங்கி ஓடுங்க!"

"மாட்டேன்!"

"அய்யோ, செத்துடுவீங்க பாய்!"

"நீ மொதல்ல காத்தை மூடு மூர்த்தி!"

போனை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு வீம்பு பிடித்த மனுஷனை எங்கே பிடித்தார்களோ என்று திட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடி வால்வை மூடினேன். காற்று நின்றாலும் உள்ளே அடைந்தது அடைந்ததுதான். குழியோரம் போய் ஹோஸ் முனையைத் திறந்தேன். சுண்ணாம்புச் சேறு பீய்ச்சிக்கொண்டு குழிக்குள் பாய்ந்தது. அழுத்தம் காட்டுகிற கேஜின் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு பாயைக் கைத்தாங்கலாக இறக்கினேன்.

"பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு மூடியோட கூரைக்குப் போறீங்களா? எறங்குன்னா எறங்கணும். அதுல இன்னா வீம்பு உங்களுக்கு?"

பாய் எதிரே கையைக் காட்டினார். பேரலுக்கு அந்தப் பக்கம், தோல் ஓரம் நறுக்குகிற பெண்கள் கத்தியோடு அப்படியே உறைந்து நின்றிருந்தார்கள்.

"நான் எழுந்தா மூடி பறந்து அதுங்க மூஞ்சில அடிக்கும்ல? அதான் அழுத்திப் புடிச்சிக்கினு இருந்தேன்."

அந்த அழுத்தத்துக்கு அவர் எடையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப நான் உட்கார்ந்தது சும்மாவா?" என்று கேட்டுவிட்டு பாய் அழுதார். எனக்கும் தாங்கவில்லை, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

ரிட்டயர் ஆன பிறகும் பம்ப் மாட்டக் கூப்பிடுகிறார்கள். ரெகுலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் அங்கிருக்கிறவர்களை நிற்கவைத்து ஒன்று சொல்வேன்: பேரல் உப்பினால் யாரையும் காப்பாற்ற அங்கே நிற்காதே. எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடு, காற்றை மூடு.