ராசியில்லாத கை

டாக்டரம்மா யாரையும் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகள் இரண்டையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சோப்புப் போட்டுக் கழுவிய கை சில்லென்று இருக்கும், அப்படியே வயிற்றில் வைத்தால் பிள்ளைகள் திடுக்கிடும் என்பார். ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருக்கிறேன். மாத்திரை கொடுக்கும் ஜன்னலிலிருந்து பார்த்தால் டாக்டர் மேசை நேராகத் தெரியும். இவ்வளவு யோசிக்கிற கையைத்தான் எங்கள் ஊர் ராசியில்லாத கை என்று ஒதுக்கிவைத்தது.

அவர் வேலைக்கு வந்த வாரத்திலேயே அது நடந்துவிட்டது. வாழைக்காய் வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவரை நெஞ்சுவலி என்று ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். விடிந்ததிலிருந்தே வலி இருந்திருக்கிறது. வாயுத்தொல்லை என்று சோடா குடித்து, பூண்டு சுட்டுத் தின்று, மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் நினைப்பு வந்திருக்கிறது. டாக்டரம்மா ஊசி போட்டார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், வியர்க்க விறுவிறுக்க நெஞ்சை அழுத்திப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணாச்சி போய்விட்டார். சோடாவை யாரும் குற்றம் சொல்லவில்லை. "பேசிக்கிட்டேதான் வந்தாவ. ஊசி போட்ட ஒடனே போயிட்டாவளே" என்று மகன் அழுதது சாயங்காலத்துக்குள் அக்கரைவரை போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் டாக்டரின் படிப்பை விசாரிக்கமாட்டார்கள், கைராசியைத்தான் விசாரிப்பார்கள். அந்தப் பெயர் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான்.

அதன்பிறகு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் முதலில் என் ஜன்னலில் எட்டிப்பார்த்து, "அந்த அம்மா இன்னைக்கு லீவுதான?" என்று கேட்பார்கள். இருக்கிறார் என்றால் பைய நழுவிவிடுவார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள், "பழைய மாத்திரையவே குடுத்துருங்க, அவிய பாக்காண்டாம்" என்று கிசுகிசுப்பார்கள். எல்லாம் டாக்டரம்மா காதில் விழும். அவர் தலை நிமிரமாட்டார். "ஒரு வீட்டுக்குன்னு ஒரு டாக்டர் இருக்கணும். அந்த வீட்டுல எல்லாரையும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அந்த ஆசையில் தெருத்தெருவாக நடந்தார். அவர் தலை தெரிந்ததும் பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கூப்பிடு தூரத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்க, பஸ் ஏறி டவுனுக்குப் போய், என்ன ஏதென்று கேட்காமல் ஊசி குத்தி அனுப்புகிற இடத்தில் காத்துக்கிடந்தது ஊர்.

என் அண்ணனும் அந்த ஊரில் ஒருவன்தானே. அவன் வாழைத்தார் சுமக்கிறவன், சர்க்கரைக்காரன். தோட்டத்தில் மூங்கில் சிராய் ஏறி உள்ளங்காலில் புண்ணாகிவிட்டது. வலி தெரியவில்லை, அதனால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நம்பினான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், அன்று மத்தியானமே என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் எங்களைக் கண்டதும் அண்ணன் கட்டிலில் கிடந்தபடி வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"நீங்க தொடாதிய தாயி. ஒங்களக் குத்தம் சொல்லல. எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்கு."

"தொடல அண்ணாச்சி. துணிய மட்டும் விலக்குங்க, இங்கன நின்னே பாக்கேன்."

அவன் விலக்கவில்லை. அண்ணன் மனைவி, என் மைனி, வாசலை மறித்தாற்போல் நின்றாள். டாக்டரம்மா படி ஏறாமலே திரும்பினார். தெருமுனைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாசல்வரைக்கும் வாடை அடிக்குது. இன்னைக்கே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, காலைக் காப்பாத்திரலாம்" என்றார். நான் போய் அழுதேன், சண்டை போட்டேன். அந்த அம்மா சொன்னது என்பதாலேயே அவன் அதைக் கேட்கவில்லை. டவுனில் ஊசி போட்டுக்கொண்டு நாளைக் கடத்தினான். கடைசியில் நினைவு தப்பிய பிறகு பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். தொடைவரை காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே உடம்பெல்லாம் ஏறியிருந்தது, அண்ணன் பிழைக்கவில்லை.

துஷ்டி வீட்டுக்கு டாக்டரம்மா வந்தார். பந்தலின் ஓரத்தில்தான் நின்றார். சொந்தக்காரப் பெண் ஒருத்தி குரலைத் தாழ்த்தக்கூட இல்லை: "தொடாட்டா என்ன, அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாள்லா." நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றுவிட்டு அப்படியே போனார். மழைக்காலம் முடிவதற்குள் மாறுதல் வாங்கிக்கொண்டு களக்காட்டுப் பக்கம் போய்விட்டார். ஊரில் ஒருவரும் அவரை வழியனுப்பவில்லை.

இப்போது வேறொரு டாக்டர் வந்திருக்கிறார். நல்லவர்தான். வந்த புதிதில், வலிப்பு வந்து தூக்கிவந்த குழந்தை ஒன்று அவர் மேசையில் கண் விழித்து அழுதது. அவ்வளவுதான், கைராசிக்காரர் ஆகிவிட்டார். காலையில் கேட் வரை வரிசை நிற்கிறது. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், புண்ணைக் காட்டுகிறார்கள், கேட்காததையும் சொல்கிறார்கள். இவர் எழுதுவதும் டாக்டரம்மா எழுதிய அதே மாத்திரைகள்தான்.

மைனிக்கும் சர்க்கரை வந்துவிட்டது. மாதந்தோறும் வருகிறாள். போன தடவை என் ஜன்னலில் நின்று, டாக்டர் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"இந்த மனுசன் அப்பமே வந்திருந்தா, ஒங்க அண்ணன் காலக் காட்டியிருப்பாவ. உசிரோட இருந்திருப்பாவ."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.