துணைக்கு ஒரு பிள்ளை

என் மகளும் அவளுடைய தோழியும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்பதை, தோழியின் அம்மாவும் நானும் பிள்ளைகளைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டோம். சூரிச் நகரத்தில் உள்ள ஒரு பள்ளி, அதில் கணித விஞ்ஞானப் பிரிவு. அதற்குக் கிம்மி பரீட்சை என்று இங்கே சொல்கிற நுழைவுப் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சைக்குப் பதியும்போதே எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று சொல்லிவிடவும் வேண்டும். எங்களுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் இருப்பது சூரிச்சுக்கும் ஊஸ்டருக்கும் நடுவே ஒரு சிற்றூரில். பிள்ளைகள் இருவரும் ஒரே ரயிலில் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தால் போதும். நல்ல பள்ளி, பெயர் பெற்ற பள்ளி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ரெண்டு தாய்மாரும் முடிவெடுத்திட்டியள். சோதினை எழுதப்போறதும் நீங்கள்தானோ?" என்று என் கணவர் கேட்டார். அவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்பவர். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த நாட்டில் எதையும் முடிவு செய்ய முன்னர் ஒருநாள் போய் இருந்து பார்ப்பார்கள். அதற்கு 'ஷ்னுப்பர்ன்' என்று பெயர். அப்படி இரண்டு பிள்ளைகளும் இரண்டு பள்ளிகளுக்குப் போய் வந்தார்கள். ஒன்று, நாங்கள் முடிவு செய்த நகரத்துப் பள்ளி. மற்றது எதிர்த்திசையில், ஊஸ்டரையும் தாண்டிப் போக வேண்டும். அங்கேயும் இதே பிரிவு இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர்களுடைய ஆசிரியை சொல்லியிருந்தார். இரண்டு இடத்துக்கும் நானும் கூடப் போனேன். தனியாக அனுப்புவேனா என்ன?

நகரத்துப் பள்ளியில் உயிரியலும் இரசாயனமும்தான் பெரிது. தோழி இரசாயனக் கூடத்தை விட்டு வெளியே வர மனமில்லாமல் நின்றாள். பதினைந்து வயதுப் பிள்ளையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மற்றப் பள்ளியில் பௌதிகம். மேல்மாடிக் கூரையிலிருந்து படிக்கட்டுகளின் நடுவே ஒரு நீளக் கம்பி தொங்கியது. அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு ஆடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் அந்தக் குண்டைக் கழற்றிவிட்டு இன்னும் பாரமான ஒன்றைப் பூட்டினார்கள். ஒருமுறை ஆடிவர எடுக்கும் நேரம் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று மாடிக்கு மாடி நின்று கத்தி வாதிட்டார்கள். ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாரே ஒழிய, விடையைச் சொல்லவில்லை. பாடம் முடிந்த பிறகும் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் எரிச்சல்தான் வந்தது. சம்பளம் வாங்குகிறவர் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

என் மகள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"அம்மா, நான் ஊஸ்டர் பக்கம் போறன்."

"அப்ப அவள்?"

"அவள் சூரிச்சுக்குப் போகட்டும். அவளுக்கு அதுதானே விருப்பம்."

பிள்ளைகளுக்கு எல்லாம் லேசு. நான் தோழியின் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உங்கள் பிள்ளையையும் இந்தப் பக்கமே விடலாமோ என்று கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு தூரம் முடியாது, சூரிச் என்றாலாவது தான் வேலை செய்கிற இடத்துக்குக் கிட்ட என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பரவாயில்லை தங்கச்சி. ஆனா என்ர பிள்ளையைத் தனிய விட ஏலாது. அவள் இஞ்ச கிட்டடியில ஏதும் தொழில் பழகட்டும்."

தொழில் பழகுவதில் ஒரு குறையும் இல்லை, இந்த நாட்டில் அதுவும் நல்ல வழிதான். ஆனால் அந்தப் பிள்ளை இரசாயனக் கூடத்தில் நின்ற நிலையை என் கண்ணால் பார்த்தவள் நான். அந்த ஆத்திரத்தில் என் மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு குண்டு ஆடுறதைப் பாக்கிறதுக்காக இன்னொரு பிள்ளையின்ர படிப்பைக் கெடுக்கப்போறியோ?"

அவள் அழுதாள். ஆனால், சரி, நானும் சூரிச்சுக்கே போகிறேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் காத்துக்கொண்டு நின்றேன். அவளுடைய வயதில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பிறகு அதைக் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டியும் இருப்பேன். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை அன்ரி வீட்டை போவம்" என்றாள்.

போனோம். தோழி கதவைத் திறந்துவிட்டு ஒரு மூலையில் போய் இருந்தாள். அக்கா தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். என் மகள் கெஞ்சப் போகிறாள் அல்லது வாதாடப் போகிறாள் என்று நினைத்து நான் கதிரை நுனியில் இருந்தேன்.

"அன்ரி, நீங்கள் வேலைக்கு ஆரோட போறனீங்கள்?"

அக்கா சூரிச்சில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவர். விடிய முன்னர் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும், பள்ளிக்குப் போகிற பிள்ளையோடு சேர்ந்து போக முடியாது.

"ஆரோட போறது? தனியத்தான்."

"முதல் நாளும் தனியவோ?"

அக்கா சிரித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். முதல் நாள் வேறு நிலையத்தில் இறங்கிவிட்டாராம். இருட்டு, பனி, இங்கத்தைய டொச் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. நின்று அழுதிருக்கிறார். யாரோ ஒரு வெள்ளைக்கார மனுசி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ட்ராமில் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

"அடுத்த நாளும் போனீங்களோ?"

"போகாமல்? வேலையெல்லோ."

"நீங்கள் சரியான துணிவு, அன்ரி" என்றாள் என் மகள். அது அக்காவை மடக்குவதற்காகச் சொன்னதல்ல. உண்மையாகவே அசந்துபோய்ச் சொன்னாள். தோழி மூலையிலிருந்து எழுந்து வந்து, "இதை ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"நானும் தனியத்தான் போகப்போறன் அன்ரி" என்றாள் என் மகள். "எனக்கும் பயம்தான்."

என்னிடம் அதை அவள் சொல்லியிருக்கவில்லை.

"பயமெண்டால் பிறகேன் போறாய் பிள்ளை?"

"அந்தக் குண்டின்ர பாரம் கூடியும் நேரம் ஏன் மாறேல்லையெண்டு எனக்கு இன்னும் தெரியாது. போனில பாத்தால் வந்திடும். நான் பாக்கேல்லை. அங்க இருந்து கண்டுபிடிக்க ஆசையாயிருக்கு."

"அம்மா, நானும் தனியப் போவன்" என்றாள் தோழி. மிகச் சின்னக் குரலில்தான் சொன்னாள், ஆனால் நின்றுகொண்டு சொன்னாள். ரோல்ஸ் ஆறுகிறது, எடுங்கோ என்றார் அக்கா. நாங்கள் சப்பாத்துப் போடும்போதுதான், "தங்கச்சி, அந்தப் பதிவு எப்ப முடியுது?" என்று கேட்டார்.

இரண்டு பிள்ளைகளும் தேறினார்கள். என் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பார்த்து நான் மலைத்துப்போனது அவள் தேறிய நாளில் அல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். தன் ஆசையையும் விடாமல் தோழியையும் கைவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு என்று எனக்கு யாரும் காட்டித் தந்ததில்லை.

ஓகஸ்டில் பள்ளி தொடங்கிய நாள், எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நால்வரும் நின்றோம். அக்கா வேலைக்கு லீவு போட்டிருந்தார். முதலில் சூரிச் ரயில் வந்தது. தோழி ஏறினாள். ரயில் போய் மறைந்த பிறகும் அக்கா கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்து ரயிலும் வந்தது. என் மகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினாள். உள்ளே போனவள் இடம் தேடுகிற மும்முரத்தில் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையில் நாங்கள் இருவர் மட்டும். அக்காவின் வீடு நிலையத்துக்கு ஒரு பக்கம், என் வீடு மறுபக்கம். அக்கா அசையாமல் நின்றார்.

"தங்கச்சி, அவசரமோ?"

"இல்லை அக்கா."

"என்னை வீடு மட்டும் கொண்டுவந்து விடுங்கோ. இண்டைக்கு எனக்குத் தனியப் போக ஏலாது."

கொண்டுபோய் விட்டேன். வாசலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கா திரும்பவும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து என்னை என் வீட்டில் விட்டார்.