ஆட்டுக்கறிக்கு அடியில் கிடைத்த சான்று

டப்போ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரேலீனுக்கு ஐம்பத்தொரு வயது. சிறுவயது முதலே அவளுக்குச் சோம்பேறிப் பட்டம். தனக்கிருப்பது கவனக் குறைபாட்டுக் கோளாறோ என்று இப்போதுதான் ஐயம் எழுந்தது. அது சிறுவயதிலேயே இருந்ததா என்று தொடக்கப்பள்ளி மதிப்பெண் அறிக்கைகளில் ஆசிரியர்கள் எழுதியதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் மனநல மருத்துவர். அவற்றைத் தேடி எடுத்தவள், பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று எங்கேயோ வைத்துவிட்டாள். மருத்துவரைக் காணும் நாளும் வந்தது.

உறைபெட்டியில் இறைச்சி தேடிய கணவன் டாரில் வெடித்துச் சிரித்தான். "அடியே, உன் ரிப்போர்ட்டெல்லாம் ஆட்டுக்கறிக்கு அடியில வெறச்சுக் கெடக்கு! இதுக்கு மேல டாக்டர் எதுக்கு?"

"அவரு எழுதிக் குடுத்தா, நீயாவது என்னைச் சோம்பேறின்னு சொல்றத நிறுத்துவேல்ல?"

டாரிலின் சிரிப்பு நின்றது. பனி படிந்த அந்த அறிக்கைக் கட்டை அப்படியே கையில் தூக்கும் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றினான்.

"உருகுறதுக்குள்ள கெளம்பு. டாக்டர் இந்தக் கோலத்துலயே பாக்கட்டும்."