லானின் தம்பிக்குப் படைத்த மீன்

செத்துப்போன ஒருவருக்குப் படைத்த சோற்றை நான் குப்பையில் கொட்டினேன். தெரியாமல் கொட்டினேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தெரிந்துகொள்ள நான் நின்றேனா? நிற்கவில்லை.

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்...

நாங்கள் இருப்பது வெளிநாட்டில், பிளாட் புஷ் என்ற புறநகரில். பக்கத்து வீட்டில் லான். வியட்நாம்காரி, என்னைவிட வயதில் மூத்தவள். எப்போதோ அகதியாய் இங்கே வந்தவள் என்பது மட்டும் தெரியும். நானும் யாழ்ப்பாணத்திலிருந்து அப்படி வந்தவள்தான். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆகையால் எங்களுக்குள் கதையைவிடச் சிரிப்பும் சாப்பாட்டுத் தட்டும்தான் அதிகம் போய்வரும்.

சண்டையில் செத்த என் தம்பியின் திவசத்தன்று, அவனுக்குப் பிடித்த வடையும் பயத்தம் பணியாரமும் செய்து படைப்பேன். ஒரு தட்டு லானுக்கும் போகும். “ஃபோர் மை பிரதர்” என்று சொல்லி மேலே கையைக் காட்டுவேன். அவள் இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிவாள். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்ததே இல்லை. ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றாவது அதில் இருக்கும்.

போன வருடம் கந்தசஷ்டி. ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடு. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. பசியில் எனக்குக் கோபம் வேறு வரும். “முருகனுக்காக ஒரு நேரம்தான் சாப்பிடுறாய், மிச்ச நேரமெல்லாம் எங்களையெல்லோ தின்னுறாய்” என்று என் கணவர் பகிடி விடுவார்.

அந்த விரதத்தின் நடுவில் லான் வந்து கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு. சோற்றின் மேல் ஒரு முழு மீன், சீனிப்பாகில் கறுக்க வற்றவைத்தது, மேலே கொத்தமல்லித் தழை. “ஃபோர் மை பிரதர்” என்றாள். நான் சொல்லும் அதே வார்த்தை! காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கோ மீன் மணம் சுவாமி அறைவரை போய்விடுமே என்ற பதற்றம். “தேங்க்யூ, தேங்க்யூ” என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

விரதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை?

நேரே கொண்டுபோய், சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சை வாளியில் கொட்டினேன். பிறகு தலைக்கு முழுகினேன். ஆம், முழுகினேன்... கொட்டியதைவிட அதுதான் இப்போது அதிகம் சுடுகிறது.

மறுநாள் காலை வாளியைக் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். நல்ல காற்று. யன்னலால் பார்த்தால் வாளி சரிந்து கிடக்கிறது. லான் குனிந்து நிற்கிறாள். சிந்தியதை அள்ளி உள்ளே போட்டு, மூடியை அழுத்திப் பூட்டி, வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. கண்டிருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பின்னேரம் தட்டைக் கழுவி, தோடம்பழம் வைத்துக் கொடுத்து, “வெரி டேஸ்டி” என்றும் சொன்னேன். விரத நாளில் பொய்!

அதை அப்படியே மறந்தும் போனேன்.

பிறகொரு நாள் மகள் அபி பள்ளிக்கூடத்துக்காக ஒரு நாவல் படித்தாள். வியட்நாமிலிருந்து படகில் தப்பிய ஒரு குடும்பத்தின் கதை. நான் கீரை ஆய, அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். மின் என்றொரு சின்னப் பையன். சட்டியில் வற்றவைத்த மீன் என்றால் அவனுக்கு உயிர். பிறகு கடல். கடைசித் தண்ணீரில் தாய் விரலை நனைத்து அவன் உதட்டில் வைக்கிறாள்... எனக்கு அழுகை அடங்கவில்லை.

“ஏனம்மா அழுறீங்கள்? அதுதானே ரைட்டர் செய்யிற வேலை. முதல்ல உங்களை அவையின்ட குசினியில இருத்திச் சாப்பிட வைக்கிறா. பிறகுதான் படகில ஏத்துறா. இனி நீங்கள் இறங்கேலாது” என்றாள் அபி.

கதை தொடர்ந்தது. வேறொரு நாட்டில், மின் செத்த நாளில் அவன் அக்கா அந்த மீனைச் சமைத்துப் படைத்து அயலுக்குக் கொடுக்கிறாள். அயல்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் குப்பையில் போடுகிறாள்.

“பாவி! இவளெல்லாம் ஒரு மனுசியோ!” என்று கத்தினேன்.

கத்திய வாய் மூடவில்லை. கையில் கீரை அப்படியே நின்றது.

அழுதழுது அபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “லானின்ட தம்பியும் கடலிலதான் செத்திருக்கிறான், பிள்ளை. தண்ணியில்லாமல்...”

அவள் புத்தகத்தை மூடினாள். “அம்மா, அது மின். லான் ஆன்ரியின்ட தம்பி எப்படிச் செத்தவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் யாருக்காக அழுதேன்? லானுக்கா, மின்னுக்கா, என் தம்பிக்கா? இத்தனை வருடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் செய்யாததை ஒரு புத்தகம் எப்படிச் செய்தது? லானைக் கண்டால் இப்போது எனக்கு அந்தக் கதைதான் தெரிகிறது. அதுவும் அவளைப் பார்க்காமல் விடுவதுதானே? முருகா, இரக்கம் என்பதும் ஒரு குற்றமாகுமா?

வியட்நாம்காரரும் அமாவாசையிலிருந்து எண்ணித்தான் செத்தவரின் நாளைக் குறிக்கிறார்களாம். எங்கள் திதியைப் போலவே. ஆகவே இந்த வருடமும் அந்த நாள் கந்தசஷ்டிக்குள்தான் வந்தது. வந்தால் விரதமென்று சொல்வேன், காலில் விழுவேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன் என்று காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தாள். தட்டில் சோறும் சோயாக்கட்டியும் காளானும். “நோ ஃபிஷ். நியூ பொட்” என்றாள். மீன் படாத புதுச் சட்டியில் எனக்கென்று தனியாகச் சமைத்திருக்கிறாள்.

கண்டிருக்கிறாள்! எல்லாவற்றையும் கண்டிருக்கிறாள்...

“யுவர் பிரதர்... லைக் திஸ்?” என்று தடுமாறினேன்.

“நோ, நோ. ஹி லைக் ஃபிஷ். ஒன்லி ஃபிஷ்!” என்று சிரித்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமலே இந்தமுறையும் கதவைச் சாத்தினேன்.

அன்றைய ஒரு நேரச் சாப்பாடாக அதைத்தான் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல். ருசித்ததா? தெரியவில்லை.

தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. என்ன வைத்துக் கொடுப்பது? தோடம்பழமா? கதையில் வந்த பையனின் பெயர் என் வாயில் சும்மா வருகிறது. லானின் தம்பிக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.