முன்னால் பீரங்கி, பின்னால் விமானம்

கடலை நான் முதன்முதலில் பார்த்தது இருபது வயதில். ஆனால் திருப்பூரில் ஆறாவது படிக்கும்போதே ஒரு போர்க்கப்பலைக் கட்டி மூழ்கடித்த அனுபவம் எனக்குண்டு.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, போர்க்கப்பல் செய்வதாக நான் பேர் கொடுத்திருந்தேன். அப்பா பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். கப்பல் என்றால் பீரங்கிதான் என்றார். அடுத்த வாசலில் குடியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர். விமானம் ஏறாத கப்பல் பரிசல் என்றார். இருவரும் இதை என்னிடம்தான் சொன்னார்கள். ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்திக்கு முறையாகக் கூப்பிடவில்லை என்று ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஒருவர் கோபித்துக்கொண்டாலும் கப்பல் பாதியில் நின்றுவிடும். நூலகப் புத்தகத்தில் தேடி ஒரு படத்தைப் பிடித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான்காரர்கள் ஒரு கப்பலின் பின்பக்கப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு விமானத்தளம் போட்டிருந்தார்கள். முன்னால் பீரங்கி, பின்னால் விமானம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் வேலை தொடங்கியது. அப்பா நூல் சுற்றிவந்த காலிக் கோன்களைப் பீரங்கியாக்கினார். மாமா அட்டையை வெட்டி, மெழுகு தடவி, தளம் போட்டார்.

“உங்க மாமங்கிட்டச் சொல்லு கண்ணு, பீரங்கி சுடறப்ப ஏரோப்ளான் ஓரமா நிக்கோணும்னு.”

“உங்கப்பங்கிட்டச் சொல்லு, ஏரோப்ளான் கெளம்பறப்ப பீரங்கி வாய மூடிக்கோணும்னு.”

ஒரு முழ இடைவெளியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் தபால்காரனாக இருந்தேன். அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் கப்பலைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். பீரங்கி நிமிர்ந்து நிற்கட்டும் என்று அப்பா உள்ளே போல்ட்டாகப் போட்டு நிரப்பியிருந்தார். கப்பல் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டது. விமானங்கள் வரிசையாகச் சறுக்கிப் பீரங்கியில் மோதின.

“மச்சா, மூக்கப் புடீங்க!”

“புடிச்சுட்டேன் மாப்ளே, நீ வாலத் தூக்கு!”

இருவரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஊறிய அட்டை நடுவில் கிழிந்தது. ஆளுக்கொரு பாதியோடு நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பாதான் முதலில் சிரித்தார்.

“ஏம் மாப்ளே, ஏறிப் போற ஏரோப்ளான் திரும்ப எறங்கறதுக்கு உன்ற தளத்துல எடமே இல்லியே?”

“நீங்க சுடற சத்தத்துக்கு அதுக எதுக்கு மச்சா திரும்பி வருது?”

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. விடிந்தால் கண்காட்சி. கையில் கப்பலில்லாமல் நான் நிற்கிறேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! பெரியவர்களுக்குப் பொறுப்பே இல்லையென்று முடிவுகட்டித் திரும்பினேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு ஆளுக்காவது கவலை இருக்கிறதே!

“அழுவாதீங்கம்மா, வேற கப்பல் செஞ்சுக்கலாம்” என்றேன்.

அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதாள். அம்மாவுக்குப் போர்க்கப்பல் மேல் இத்தனை பிரியம் இருக்குமென்று அதுவரை எனக்குத் தெரியாது.