பானக்கம் கேட்ட ஆத்தா

சுயம்புலிங்கத்தின் முகத்தைப் பார்த்தே சர்க்கரை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள் ராமுத்தாய். ஏறினால் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுப்பான். இறங்கினால் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மூக்குக்கு மேல் கோபம் வரும். "யாருடி நீ?" என்று கட்டியவளையே கேட்பான். அவள் பதில் சொல்லிக்கொண்டு நிற்கமாட்டாள். வெல்லத்தை உடைத்து அவன் வாயில் திணிப்பாள். கொஞ்ச நேரத்தில் பூனைக்குட்டியாகிவிடுவான். அவன் போய் இத்தனை வருஷமான பிறகு அந்தக் கோபத்துக்குக்கூட அவள் ஏங்குகிறாள்.

கல்யாணமான மறுவருஷமே அவனுக்கு அந்த நோய் வந்தது. ஆள் ஓலையாய் மெலிந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து கொடுத்து உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். "தினம் ஊசி போடணும், போட்டால் சாப்பிட்டே ஆகணும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். மருந்துப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்து, பிள்ளையைப் போலக் காத்தாள் ராமுத்தாய்.

பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக, சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டி எடுத்தான். சட்டி எடுப்பவன் விரதம் இருப்பதுதான் வழக்கம்.

"ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட போகாதீக மாமா. ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டா."

"கஞ்சி குடிச்சிட்டேன்டி" என்றான். பச்சைப் பொய். கஞ்சி கன்றுக்குட்டியின் வயிற்றில் இருந்தது.

கோயிலை நெருங்கும்போது கொட்டுச் சத்தத்தில் அவன் தள்ளாடினான். யாரோ சட்டியை வாங்கிக்கொண்டார்கள். உடம்பெல்லாம் வேர்வை, கண் சொருகியது. அவ்வளவுதான், சாமி வந்துவிட்டதென்று பெண்கள் குலவையிட்டார்கள். அவர்கள் ஊரான அல்லிநகரத்துப் பெரியவர் நல்லகண்ணு கைகட்டி நின்று, "ஆத்தா, இந்த வருசம் மழை உண்டா?" என்று குறி கேட்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ராமுத்தாய் வந்தாள். அவன் அவளைப் பார்த்து, "யாருடி நீ?" என்றான்.

"அய்யா, இது சாமி இல்ல! சக்கர எறங்கிருச்சு. வாய்க்கு இனிப்பாக் குடுங்க!"

"ஏலே, அந்தப் புள்ளையப் புடிங்க. சாமியத் தொட்டுறப் போகுது" என்றார் நல்லகண்ணு.

இரண்டு பெண்கள் அவளை இழுத்துப் பிடித்தார்கள். அவனுக்கு முழங்கால் மடங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் நினைவு தப்பிவிடும், அப்புறம் எதையும் விழுங்கமாட்டான். கெஞ்சினால் வேலைக்காகாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

உதறிக்கொண்டு கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"ஏலே நல்லகண்ணு! ஆத்தா வந்திருக்கேன்டா! எம்புள்ளைக்குத் தொண்ட காயுது, பானக்கத்த ஊத்துங்கடா!"

ஊர்க்கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தறியாதவள் அவள். பெரியவர் தடாலென்று காலில் விழுந்தார். தண்ணீர்ப்பந்தலிலிருந்து வெல்லப் பானக்கம் குடத்தோடு வந்தது. மடக்கு மடக்காக உள்ளே போகப்போக அவன் கண் தெளிந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏன்டி இப்படித் தலைய விரிச்சுப் போட்டிருக்க?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கன்றுக்குட்டி விவகாரத்துக்கு வீட்டில் வைத்துத் தனியாகச் சாமியாடினாள்.

அதன்பிறகு ஊர் அவளை விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் மாடு காணோம் என்றாலும் அவளிடம் திருநீறு கேட்டு வந்தார்கள். அவள் வெட்கத்தில் கூசுவாள். அவனோ உள்ளே படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பான். நல்ல காலம் அது.

பிறகு யுத்தம் வந்தது. சீமையிலிருந்து கப்பல் வரவில்லை, மருந்தும் வரவில்லை. இருந்ததைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் தீர்ந்தது. அவன் பாயில் கிடந்து மூச்சு வாங்கினான்.

நல்லகண்ணு ஊரைத் திரட்டி, மஞ்சள்தண்ணீரும் வேப்பிலையுமாக வாசலுக்கு வந்துவிட்டார். "ஆத்தாள ஒருக்கா வரச் சொல்லு தாயி. ஒரு வாக்கு சொன்னாப் போதும், பய பொழச்சுக்குவான்."

ராமுத்தாய் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை நிஜமாகவே கூப்பிட்டாள். ஆத்தா வரவில்லை. நின்றபடியே உதடு கோணி அழுதாள்.

பாயிலிருந்து அவன்தான் மெல்லக் கை காட்டினான்.

"விட்ருங்க பெரியய்யா. எனக்காக ஒருக்கா வந்தாள்ல, அது போதும்."