தீக்கோழிக்குப் பதில் திருக்கை

பேரணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டுக்குள் நிற்கிறேன். சுண்ணாம்புக் குழிகளின் நெடி பஸ் ஸ்டாண்டிலிருந்தே கூட வந்துவிட்டது. பையில் உள்ளங்கை அளவு தீக்கோழித் தோல் இருக்கிறது. ஷூ செய்ய இதே மாதிரி வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் அனுப்பியது. தீக்கோழிக்கு நான் எங்கே போவேன்? இதுவும் புள்ளி புள்ளியாக மேடு, திருக்கை மீனும் அப்படித்தானே என்று தொண்டிப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு திருக்கைத் தோலை உப்புப் போட்டுச் சுருட்டி எடுத்து வந்திருக்கிறேன்.

மேஸ்திரி கபூர் பாய் இரண்டையும் பலகைமேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார்.

“தொட்டுப் பாருங்க சார். இது எறகு புடுங்குன எடம், மெத்துன்னு கீது. இது அத்தினியும் எலும்பு. சீவுற கத்தியே பூடும். ஷூ எப்டி மடங்கும்?”

நானும் கண்ணை மூடித் தடவுகிறேன். பறவையின் மேடு விரலுக்கு அமுங்குகிறது. மீனுடையது நொய்யரிசியைப் பரப்பி ஒட்டியதுபோல் அப்படியே நிற்கிறது. இதைக் கடற்கரையிலேயே செய்திருக்கலாம். அங்கே கண்ணால் பார்த்ததோடு சரி.

“எத்தினி புடிக்கச் சொல்லிட்டு வந்தீங்க?”

“நாப்பது.”

பாய் திருக்கைத் தோலைத் திரும்பச் சுருட்டுகிறார். அந்தக் குப்பத்தில் சின்னத் திருக்கை வலையில் வந்தால் கடலுக்கே திருப்பி விட்டுவிடுவார்கள். சின்னதும் பரவாயில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

“ஒரு தந்தி அடிச்சிடுங்க சார்.”

அடிக்கலாம். படகுகள் நேற்று விடியற்காலையே போய்விட்டன.